வாளித் தண்ணீர்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. எந்நேரமும் எதையாவது கழுவிக்கொண்டே இருப்பதால் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் பினாயில்தான். அக்கா நேரிலேயே சொல்வாள், மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமையே தவிர வருத்தம் இல்லை.

ஆகவே, வங்கியில் வேலை பார்க்கும் அவள் கணவன் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றலாம் என்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அதுல இருக்கிற கக்கூஸை யாரு கழுவுறது?"

"நாங்க கழுவுறோம்னா நீ விட்டுடுவியா?" என்றான் வங்கிக்காரன்.

அதோடு சுத்தம் என்கிற இலாகா அவளுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. வண்டியை யார் ஓட்டுவது என்பதுதான் அடுத்த பிரச்சினை. வங்கிக்காரனுக்குச் சின்னக் காரைப் பின்னால் எடுப்பதற்கே இரண்டு பேர் இறங்கிக் கை காட்ட வேண்டும். அக்காவின் கணவர் பஸ் டிரைவர். "சகலையும் வந்தா கலகலப்பா இருக்கும்" என்று வங்கிக்காரன் போன் போட்டான். அத்தான் முழு நாளில் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவரை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் லீவு போட்டார், புதிதாக இரண்டு சட்டை எடுத்தார், கிளம்பும் நாளில் எல்லோருக்கும் முன்னால் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்குள் இரண்டு கட்டில், ஒரு குட்டி அடுப்பு, கைகழுவும் தொட்டி, அலமாரி மாதிரி ஒரு கழிப்பறை. நாலு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் மூச்சு முட்டும். பினாயில் ஏறியதும் சட்டம் போட்டாள். செருப்பு படிக்கு வெளியே. தின்ற தட்டு தின்ற கையோடு கழுவப்பட வேண்டும். ஈரத் துண்டு கட்டில் மேல் விழக்கூடாது. அத்தான் மட்டும் ஒரு சலுகை கேட்டார்.

"இந்த பூட்ஸை மட்டும் விட்டுடும்மா. பெடல்ல கால் பழகிப்போச்சு."

பழைய தோல் பூட்ஸ். மடிப்பு விழுந்து, குதிகால் தேய்ந்து கிடந்தது. அவள் சரி என்றாள், மனசில்லாமல்.

வண்டியை வாடகைக்குக் கொடுத்தவன் சாவியோடு ஒன்று சொல்லித்தான் அனுப்பினான்: தரையை ஈரத் துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். பினாயிலுக்கு அது சோம்பேறிகளுக்குச் சொன்ன பேச்சாகப் பட்டது. துடைப்பதென்றால் அழுக்கை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பது, அவ்வளவுதானே. காலையில் மற்றவர்கள் குளிக்கப் போனதும், ராத்தங்க வண்டி நிறுத்தும் முகாமின் பொதுக் குழாயிலிருந்து ஒரு வாளி பிடித்து வந்து, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கதவு வழியே தள்ளிவிடுவாள். தரை பளபளக்கும். வெளியே நின்று பார்த்து அவளே ரசிப்பாள். கதவு வழியே வெளியேறிய தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று அவள் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பயணம் பாதி ஆகும்போது நாற்றம் கிளம்பியது.

முதலில் லேசாக. பிறகு, ஜன்னலைச் சாத்தினால் சாப்பாடு இறங்காத அளவுக்கு. அவள் கழிப்பறையைப் பிரித்து மேய்ந்தாள், குப்பைக் கூடையைக் கொதிக்கும் தண்ணீரில் கழுவினாள், தொட்டியின் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குடைந்தாள். எங்கும் இல்லை. முன்பக்கம் போனால்தான் குப்பென்று அடித்தது. முன்பக்கத்தில் இருந்தது ஸ்டீயரிங், சீட், அத்தான், அத்தானின் பூட்ஸ்.

"சகலை ஆக்சிலேட்டரை மிதிக்கிறாரோ இல்லையோ, எலியை மிதிச்சுட்டாரு" என்றான் வங்கிக்காரன், அத்தான் டீசல் போட இறங்கியிருந்தபோது. பினாயில் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை ஓர் ஏரிக்கரை முகாமில் வண்டி நின்றது. பினாயில் அக்காவைத் தனியே அழைத்து, "தப்பா நெனைக்காத, அத்தான்கிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றாள். தான் ரொம்ப நாசூக்காக நடந்துகொண்டதாக அவள் எண்ணம்.

அக்கா பக்குவமாகச் சொல்லவில்லை. குழாயடியில், பல் தேய்க்கவும் பாத்திரம் கழுவவும் முன்பின் தெரியாத ஆட்கள் நின்றுகொண்டிருந்த இடத்தில், கணவரை நிறுத்திவைத்துக் கேட்டாள். தங்கச்சி வீட்டுக்காரன் காசில் வந்த இடத்தில் மானம் போகிறதே என்கிற ஆத்திரம் அவளுக்கு.

"இத்தனை வருஷமா என் மூக்கு செத்துப்போச்சு போல. என் தங்கச்சி வந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. கழட்டுங்க அதை. காலை நல்லாத் தேய்ங்க. நாலு பேரோட இருக்கத் தெரியாத மனுஷனை எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு இருக்கு எனக்கு."

அத்தான் குழாய்க்குக் கீழே உட்கார்ந்து கால் தேய்த்தார். பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பெண் தன் வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பினாயில் வண்டி ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

இருட்டுவதற்குள் அத்தான் முகாம் அலுவலகத்தில் ஒரு சின்னக் கூடாரம் வாங்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் அடித்தார். "உள்ள புழுக்கமா இருக்கு. எனக்கு வெளிய காத்தோட்டமா இருக்கும்" என்றார். யாரும் தடுக்கவில்லை. பூட்ஸையும் உடன் எடுத்துப் போனார்.

மறுநாள் காலை மூன்று பேரும் ஏரிப் பக்கம் நடக்கப் போனார்கள். டிரைவர் சீட்டுப் பக்கத்தை ஒரு கை பார்த்துவிடுவது என்று பினாயில் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெடலுக்குக் கீழே கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினாள். அதற்கு அடியில், எஞ்சின் இரைச்சல் கேட்காமலிருக்க வைத்த கனமான பஞ்சுக் கம்பளம். அவள் விரல் பட்டதும் அதிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கசிந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு வாசனை தெரிந்தது. அவளுடைய சோப்புத் தூளின் எலுமிச்சை வாசனை.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் ஊற்றிய தண்ணீரில் பாதி கதவு வழியே போகவில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன்னால் ஓடிவந்து, இந்த மனுஷனின் காலடியில் தேங்கி அழுகியிருக்கிறது.

அந்த நிமிஷம் அவள் ஏரிக்கரைக்கு ஓடிப்போய் அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஓடவில்லை. அவள் செய்தது வேறு. கம்பளத்தைப் பிய்த்தெடுத்துக் கறுப்புக் குப்பைப் பையில் திணித்து, இரண்டு முடிச்சுப் போட்டு, முகாமின் கடைசியில் இருந்த பெரிய தொட்டியில் யாருக்கும் தெரியாமல் போட்டுவிட்டு வந்தாள். தரையைத் துணியால் துடைத்தாள். ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். சுத்தம் செய்து முடித்தபின் இவ்வளவு அழுக்காக அவள் ஒரு நாளும் உணர்ந்ததில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். வங்கிக்காரன் உள்ளே ஏறி மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "பாத்தியா, ஒரே ராத்திரில வீடு வீடா ஆயிடுச்சு" என்றான். அக்கா தங்கையின் கையை அழுத்தினாள், நன்றி சொல்வது போல. படிக்கு வெளியே அத்தான் வெறுங்காலோடு நின்றிருந்தார். ஏறலாமா என்று அனுமதி கேட்பவர் மாதிரி பினாயிலைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பூட்ஸ் போனது. கடையில் பார்த்த மெல்லிய கான்வாஸ் ஷூவை அக்கா வாங்கிக் கொடுத்தாள். அதில் அவருக்கு கியர் மாற்றும்போதெல்லாம் கிளட்ச்சில் கால் தடுமாறியது. வண்டி நின்ற இடத்திலெல்லாம் அவர் முதலில் குழாயைத் தேடினார். சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, துடைத்துக்கொண்டுதான் சாப்பிட வந்தார். சாப்பிடும்போதும் தட்டைத் தூக்கிக்கொண்டு காற்று போகும் திசையில் தள்ளி உட்கார்ந்தார். கூடாரத்தை விட்டு உள்ளே வரவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துப் பினாயில் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள்.

பொறுக்க முடியாமல் அக்காவிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அவர்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. இப்ப சொல்லப் போறேன்."

"சொல்லாத."

"என்னக்கா பேசுற."

"அத்தனை பேர் முன்னாடி நான் அவரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டேன். இப்ப நீ போயி அது அவர் இல்லன்னு சொன்னா, நான் அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறது? இதோட போகட்டும் விடு. அவரு மறந்துடுவாரு, அவருக்கு எதுவும் உறைக்காது."

அக்காவின் குரல் கடைசியில் உடைந்தது. சொல்ல வேண்டாம் என்றதும் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்ததே, அதை நினைத்துப் பினாயிலுக்குக் கூசியது. அக்காவுக்காக வாயை மூடிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொள்ள இப்போது வசதியாகப் போய்விட்டது. சீ, என்ன ஜென்மம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே வாயை மூடிக்கொண்டும் இருந்தாள்.

கடைசி முகாமில், வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும் காலை, அவள் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் சோப்புப் பெட்டியோடு வந்தார். அவளைப் பார்த்ததும் திரும்பப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்னு இருந்தேம்மா. நீ எடுத்துச் சொன்னது நல்லதாப் போச்சு."

அவள் கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது.

"டிப்போவுல டிரைவருங்களுக்கு ஒரு ரூம் இருக்கு. சாப்பாட்டு நேரத்துல நான் போயி பெஞ்சுல உட்காந்தா, ஒருத்தன் போன் பேசணும்பான், ஒருத்தன் வண்டிய பாக்கணும்பான். கொஞ்ச நேரத்துல நான் மட்டும் இருப்பேன். வருஷக்கணக்கா இப்படித்தான். நமக்குப் பேசத் தெரியல, அதான் யாருக்கும் புடிக்கலன்னு நெனைச்சுட்டு இருந்தேன். இப்பதான் புரிஞ்சுது. கால்தான்." அவர் சிரித்தார். பயணம் முழுக்க அவர் முகத்தில் அவள் பார்க்காத சிரிப்பு. "இது கழுவினா போயிடுற விஷயம் பாரு. திங்கக்கிழமை போயி எல்லாரோடயும் உட்காரணும்."

பத்து வார்த்தைக்கு மேல் அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்த மனுஷன் திங்கட்கிழமை கழுவிய காலோடு அந்த பெஞ்சில் போய் உட்காருவார். அவர்கள் எழுந்து போவார்கள். அன்று இரவு இன்னும் அழுத்தித் தேய்ப்பார். அதை நினைத்ததும் அவளுக்கு அக்கா, மானம், முகத்தில் முழிப்பது எல்லாம் விட்டுப் போயிற்று.

"அத்தான், அது உங்க கால் இல்ல."

சொல்லிவிட்டாள். வாளித் தண்ணீரையும், கம்பளத்தையும், கறுப்புப் பையையும், அதற்குப்பின் வாயைத் திறக்காமல் இருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அழுகையும் வந்தது. "என்னைத் திட்டுங்க அத்தான், நல்லாத் திட்டுங்க" என்றாள்.

அவர் திட்டவில்லை. சோப்புப் பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப ரூம்ல எல்லாரும் எதுக்கும்மா எந்திரிச்சுப் போறாங்க?" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும், சொல்வாள் என்று நம்பி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.