எந்தச் சோப்பு, ஆன்டி?

மலர்விழியின் கைகளைத் திருப்பிப் பார்த்த டாக்டர் அருணன் மூன்றாவது முறையாக அதே கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுல எந்தச் சோப்பு போட்டுப் பாத்திரம் கழுவுறீங்க, ஆன்டி?"

மலர்விழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலேசியாவின் கிள்ளானில் ஓர் இரும்புச் சாமான் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் திருகு, கொக்கிகளைப் பெயிண்ட் கரைக்கும் தின்னர் தொட்டியில் முக்கித் துடைக்க வேண்டும். கம்பெனி கொடுக்கும் கையுறை முதல் வாரமே இளகித் தொங்கிவிடும். அடுத்த ஜோடிக்கு அடுத்த மாதம்வரை காத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் கையில் ஒட்டிய கறுப்பைக் கழுவவும் அதே தின்னர்தான். "சுத்தமா போயிரும் பாருங்கக்கா" என்று சூப்பர்வைசரே சொல்லிக் கொடுத்தான். சுத்தமாகத்தான் போனது, தோல்.

தின்னர் டிரம்மில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படத்தைப் போனில் பிடித்து வந்து டாக்டரிடம் காட்டியும் ஆயிற்று. சிவப்புக் கட்டத்துக்குள் நெஞ்சு வெடித்த ஆள் ஒருவன். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அது புரியும். டாக்டருக்குத்தான் சோப்பை விட்டால் வேறு நினைப்பில்லை.

இது கம்பெனி பார்த்து வைத்த கிளினிக். கம்பெனிக்குப் போகும் கடிதத்தில் "வேலையால் வந்தது" என்று டாக்டர் எழுதினால் அவளைப் பேக்கிங் பக்கம் மாற்றியாக வேண்டும். சோப்பு என்று எழுதினால் திங்கட்கிழமை மறுபடியும் தொட்டி. விரலை மடக்கினாலே வெடித்து ரத்தம் வருகிறது. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு மாதக்கணக்காகிறது. இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்தக் கை எதற்கும் ஆகாது என்று அவளுக்குப் பயமாகவே இருந்தது.

"நான் பாத்திரம் தொட்டே எட்டு மாசம் ஆச்சு டாக்டர்."

"எல்லா ஆன்டியும் இப்படித்தான் சொல்றீங்க லா. அப்புறம் யாரு கழுவுறா?"

அங்கேதான் சிக்கல். கழுவுகிறவர் அவள் புருஷன் நாகையா. முறுக்கிய மீசை, தாமான் குடியிருப்புக் கோயிலின் தலைவர், கூட்டத்தில் அவர் தொண்டையைக் கனைத்தால் மைக் தேவையில்லை. அப்படிப்பட்டவர் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, தட்டு தட்டோடு மோதாமல் திருடனைப் போலக் கழுவுவார். "வெளிய மூச்சு விட்ட, அப்புறம் நான் கோயில் பக்கமே போக முடியாது" என்று சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது அவர் வெளியே காத்திருந்தார்; பக்கத்திலேயே எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தவள் அதே கோயிலுக்கு வரும் இராஜம்மா. அவள் காதில் விழுந்தது ஐந்து நிமிடத்தில் கோயில் வாட்சப் குழுவில் இருக்கும்.

மலர்விழி ஒரு கணம் யோசித்தாள். பிறகு சத்தியமாவது மண்ணாவது என்று எழுந்து கதவை அகலத் திறந்தாள்.

"என்னாங்க, இங்க வாங்க. நம்ம வீட்டுல பாத்திரம் யாரு கழுவுறான்னு டாக்டரு கேக்குறாரு."

நாகையா வாசலில் வந்து நின்றார். விஷயம் புரிந்ததும் மீசை தொங்கிவிட்டது. கண்ணாலேயே கெஞ்சினார். அவள் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினாள். கதவைத் திறந்ததில் கட்டைவிரல் மறுபடி வெடித்து, ரத்தம் மணிக்கட்டுவரை ஓடியிருந்தது.

நாகையா அதைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"எட்டு மாசமா நான்தான் கழுவுறேன் டாக்டர். சட்டி, பானை, கருவாட்டுச் சட்டி, எல்லாம் நான்தான். அதே பச்சை சோப்பு. இந்தாங்க, பாருங்க என் கைய!"

அவர் நீட்டிய இரண்டு கைகளும் பூ மாதிரி இருந்தன. வெளியே இராஜம்மா போனைக் கையில் எடுத்தாள். டாக்டர் நாலு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்துபோய்ப் பேனாவைத் திறந்தார். "தொழிற்சாலை ரசாயனத்தால் ஏற்பட்ட தோல் அழற்சி. தொட்டி வேலை கூடாது" என்று எழுதி முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் இராஜம்மா, "தலைவரே, நீங்களா பாத்திரம்..." என்று ஆரம்பித்தாள்.

"கருவாட்டுச் சட்டிக்குக் கொஞ்சம் புளி போட்டுத் தேய்க்கணும்மா, வாடை போயிரும். அதையும் சேர்த்து அனுப்பு" என்றார் நாகையா. மலர்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

திங்கட்கிழமை அவள் பேக்கிங்கில் உட்கார்ந்தாள். தொட்டியில் அவள் இடத்தில் லெட்சுமி என்ற பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் தின்னர் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மலர்விழி துணியைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள்.

"உன் வீட்டுல பாத்திரம் யாரு கழுவுறது?"

"நான்தான்கா. ஏன்?"

"இன்னைக்கே நிப்பாட்டு. புருஷன் கையில குடு" என்றாள் மலர்விழி. "டாக்டருக்கு நம்ம கை மட்டும் பத்தாது."