ஒற்றை மேடு

பிளேடால் கீறினேன், கோடு விழவில்லை. ஆணியால் கீறினேன், ஆணிமுனைதான் மழுங்கியது. சிலிக்கான் வில்லையின் மேல் நான் ஏற்றியிருந்த கரிப்படலம் அவ்வளவு கடினம். ஆனால் ராமன் நிறமாலைக் கருவி மட்டும் மூன்று வாரமாக அதைப் பென்சில் கரி என்றே சாதித்தது.

லேசர் ஒளியைப் படலத்தின் மேல் விட்டால், அதில் துளியினும் துளி நிறம் மாறித் திரும்பும். உள்ளே கரி அணுக்கள் எப்படிக் கைகோத்திருக்கின்றன என்பதை அந்த மாற்றம் சொல்லிவிடும். கருவியின் எழுதுமுள் வரையும் தாளில் இரண்டு தனித்தனிக் கோபுரங்கள் எழுந்தால் கிராஃபைட், அதாவது பென்சில் கரி. ஒரே அகன்ற மேடு எழுந்தால் ஒழுங்கற்ற, கடினமான கரி. எனக்கு வந்ததெல்லாம் கோபுரம்தான்.

அது 1984. மங்கலான ஒளியை எண்ணும் குழாய், ஜவ்வாது மலைமேல் தொலைநோக்கி நிலையத்தில்தான் இருந்தது. இரவில் நட்சத்திரத்துக்கு, பகலில் எனக்கு என்று கெஞ்சி அனுமதி வாங்கி, லேசரை ஆலங்காயம் வழியாக ஜீப்பில் ஏற்றி வந்திருந்தேன். கருவியை ஓட்ட வேடியப்பனைக் கொடுத்தார்கள். அதே மலையில் புதூர்நாட்டுக்காரர், பத்து வருடம் தொலைநோக்கியோடு பழகியவர்.

என் பேராசிரியர் பாண்டுரங்கன் கடிதம் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை நேரில் வருவாராம். அன்றும் கிராஃபைட் என்றால் ஆய்வை மூடிவிட்டு ஊர்போய்ச் சேரலாமாம். நான்கு வருட உழைப்பை அவர் நான்கு வரியில் முடித்திருந்தார்.

வியாழக்கிழமை மதியம், எரிச்சலில் வில்லையைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். லேசர் விழுந்த இடத்தில் ஊசிமுனையளவு தீய்ந்த புள்ளி! லேசரின் திருகு முழுவீச்சுக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நான் படைத்ததை நானே சுட்டுக் கிராஃபைட் ஆக்கிவிட்டு, மூன்று வாரம் அந்தச் சாம்பலை அளந்திருக்கிறேன்.

யார் ஏற்றியது என்று கத்தினேன். வேடியப்பன் பதறவில்லை.

"நான்தாங்க மேடம். நட்சத்திரத்துல வெளிச்சம் ஜாஸ்தியாப் பூட்சின்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க."

கோபம் வந்த வேகத்தில் இறங்கிவிட்டது. நியாயம்தானே? வாழ்நாளெல்லாம் வெளிச்சத்துக்கு ஏங்கியவரிடம் அதைக் குறைக்கச் சொல்லி யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

ஒளியை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தேன். புள்ளியாக விழுந்ததைக் கோடாகப் பரப்பினேன். படலம் பிழைத்தது, ஆனால் திரும்பி வந்த ஒளி ஒன்றுமில்லாமல் போனது. எழுதுமுள் தாளில் நடுங்கிக்கொண்டே கிடந்தது. வேடியப்பன் எட்டிப் பார்த்தார்.

"இத்துக்கு இன்னா மேடம்? ஒவ்வொரு நிறத்துலயும் ரெண்டு நிமிசம் குந்திக்கினு, வர்ற வெளிச்சத்தத் துளித்துளியா எண்ணலாம். எங்க வேலையே அதானுங்க."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு எண்ண ஆரம்பித்தோம். அவர் எண்ணைச் சொல்ல, நான் வரைபடத்தாளில் புள்ளி வைத்தேன். பதினோரு மணிக்குப் பேராசிரியர் வந்தார், டீ குடித்தார், உறங்கும் கருவியைப் பார்க்கவா மலையேறினேன் என்று நக்கலடித்தார். நாங்கள் எண்ணிக்கொண்டே இருந்தோம்.

மூன்று மணிக்குப் புள்ளிகளைச் சேர்த்தேன். அகன்ற, சாய்ந்த, ஒற்றை மேடு.

குழாய் கெட்டிருக்கும், எதை வைத்தாலும் மேடுதான் வரும் என்றார் பேராசிரியர். சரி என்று அதே இடத்தில் ஒளியைக் குவித்து, திருகை முழுவீச்சுக்குத் திருப்பச் சொன்னேன். அவர் கண்ணெதிரே முள் துள்ளி இரண்டு கோபுரங்களை வரைந்தது. பிறகு வில்லையைக் கொஞ்சம் நகர்த்தி, ஒளியைப் பழையபடி குறைத்து, இம்முறை நான்கு புள்ளிக்கு ஒரு புள்ளியாக மறுபடி எண்ணினோம். பொழுது சாய்வதற்குள் மேடு மறுபடி எழுந்தது. எனக்கு மலையே அதிரக் கத்த வேண்டும் போலிருந்தது.

பேராசிரியர் மேடு விழுந்த இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, கட்டுரை எழுத ஆரம்பி என்றார். இவ்வளவு குறைந்த ஒளியில் அளக்கலாம் என்று எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டார். நான் வேடியப்பனைக் காட்டினேன்.

"பொஸ்தகம் இல்லீங்க சார்," என்றார் அவர், குழாயை இரவு வேலைக்குக் கழற்றிக்கொண்டே. "நாங்க பாக்கறதெல்லாம் மங்கலாத்தான் இருக்கும்."

கட்டுரையில் இரண்டாவது பெயர் வேடியப்பன். பேராசிரியர் பெயர் மூன்றாவது.