டிரைவர் கிடைச்சிடுச்சு

நீடாமங்கலம் கடைத்தெருவில் மதிவாணனின் கம்ப்யூட்டர் கடை ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. யூரியா நெடி படியேறி வரும். ஜாய்ஸ் டீச்சர் கொடுத்திருந்த லேப்டாப் அவன் மேசையில் திறந்து கிடந்தது.

"விண்டோஸ் ஏத்துற சிடி ஓடுதுங்க டீச்சர். பாதியில நின்னுட்டு, ஹார்ட் டிஸ்கே இல்லைங்குது."

"கழண்டு கிடக்கா?"

"இல்லைங்க, பிரிச்சுப் பார்த்துட்டேன். டிஸ்க் நல்லா இருக்கு. சிடிக்குத்தான் அது இருக்கறது தெரியல. நடுவுல டிரைவர்னு ஒண்ணு வேணும், அதைத்தான் காணோம். ஃப்ளாப்பியில போட்டுக் குடுங்குது. இந்த மாடல்ல ஃப்ளாப்பி போட வாயே இல்ல."

"அப்ப இங்கயும் டிரைவரைத்தான் காணோமா?" என்று ஜாய்ஸ் சிரித்தாள்.

அது என்ன சிரிப்பு என்று மதிவாணனுக்குப் புரியவில்லை. "நெட்ல தேடுறேங்க. கிடைச்சா சிடியிலயே சேர்த்து எழுதிடலாம். வீட்டுப் போன் நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்றான்.

அவள் கணவன் ரெமிஜியஸ் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். ஈஸ்டருக்கு முன்னால் கடைசியாகப் பேசினான். "ஒரு பழைய லேப்டாப் அனுப்புறேன். உள்ள ஒண்ணும் இல்ல, வித்தவன் எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் குடுத்தான். கடையில குடுத்து விண்டோஸ் ஏத்திக்க. அப்புறம் தினம் உன் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் படுப்பேன்." ஊருக்கு வந்த நண்பன் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது அங்கே ரெமிஜியஸைக் காணவில்லை. அரபி வீட்டு மேசைமேல் கார் சாவியை வைத்துவிட்டு வெளியே போனவன் திரும்பவில்லை. போன் அணைந்தே இருந்தது. தூதரகத்துக்குப் போட்ட மனுவுக்குப் பதில் இல்லை. ஆறு மாதம் ஓடி, இங்கே குறுவை அறுப்பும் முடிந்துவிட்டது.

லேப்டாப் ஓடத் தொடங்கினால் அவன் அதில் வந்து நிற்பான் என்று ஜாய்ஸ் நினைத்துக்கொண்டிருந்தாள். கான்வென்டில் பாடம் நடத்துகிறவள் நினைக்கிற நினைப்பா இது என்று அவளுக்கே தோன்றும். ஆனாலும் நினைத்தாள்.

மாமியார் ஆரோக்கியத்துக்கு அந்தப் பெட்டியில் நம்பிக்கை இல்லை. மகனை அவள் 'அது' என்றுதான் சொல்வாள். சின்ன வயதிலிருந்து வந்த செல்லம். "அது சாப்பிட்டுச்சோ என்னவோ" என்று சோற்றை அளைந்துகொண்டிருப்பாள். "அது கிடைச்சிடுச்சுன்னு ஒரு வார்த்தை வரட்டும். அன்னைக்கே வேளாங்கண்ணி போய் மாதாவுக்கு முடி குடுத்துடறேன்."

இரண்டொரு நாள் கழித்து, பள்ளி விட்டதும் ஜாய்ஸ் கடைக்குப் போனாள். லேப்டாப்பில் விண்டோஸ் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"காலையிலயே முடிஞ்சுதுங்க டீச்சர். வீட்டுக்குப் போன் போட்டேன். பெரியம்மா எடுத்தாங்க."

"என்ன சொன்னீங்க?"

"டிரைவர் கிடைச்சிடுச்சு, ஜாய்ஸ் டீச்சரை வரச் சொல்லுங்கன்னேன். மாதாவேன்னு கத்துனாங்க, அப்படியே போனை வச்சுட்டாங்க. கம்ப்யூட்டர் மேல அவ்வளவு ஆசையாங்க?"

ஜாய்ஸ் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் சாவியோடு ஓடி வந்தாள்.

"உன் மாமியார் அப்பவே வேளாங்கண்ணி பஸ் ஏறிட்டாங்கடி! ராத்திரி அங்க தங்கிட்டு நாளைக்கு வருவாங்களாம். தெருவுக்கே சர்க்கரை குடுத்துட்டுப் போயிருக்காங்க. ஏண்டி, புருசன் கிடைச்சுட்டான், நீ ஏன் இப்படி நிக்கிற?"

மறுநாள் பகலில் ஆரோக்கியம் வந்தாள். மழித்த தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. முகம் சின்னதாகிப் போயிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்கடி என் புள்ள? கூப்பிடு."

முகம் பார்த்துப் பேச ஜாய்ஸ் திறந்து வைத்திருந்த ஸ்கைப் திரையில் ரெமிஜியஸின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவன் இணைப்பில் இல்லை.

"அத்தை, அது... கிடைச்சது இந்த மெஷினோட டிரைவர்."

"மெஷினுக்கு எதுக்குடி டிரைவர்?"

ஜாய்ஸ் மதிவாணன் சொன்னதையே சொல்லத் தொடங்கினாள். டிஸ்க் இருக்கிறது, இருப்பது தெரியவில்லை, நடுவில் ஒன்று வேண்டும்.

ஆரோக்கியத்தின் கை தானாகத் தலைக்குப் போய், முடி இல்லாத இடத்தைத் தடவித் திரும்பியது.

"திருப்பிக் கேக்க முடியாதுல்ல?"

"எதை அத்தை?"

"குடுத்ததை."

ஜாய்ஸ் திரையை மூடப் போனாள். ஆரோக்கியம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூடாதே. எனக்குப் படிக்கத் தெரியாது. அது பேரு எதுன்னு மட்டும் காட்டு."

ஜாய்ஸ் அவள் விரலைப் பிடித்து அந்தச் சாம்பல் எழுத்துகளின்மேல் வைத்தாள்.