புளி தின்ற பெயர்

1965ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளன்று மாலை, கடலூர் முதுநகரில் என் மகள் ஆரோக்கிய ராணியின் கல்லறை முன் நின்றவர்கள்: நான், என் மனைவி சவரிமேரி, அவளுடைய அண்ணன் சவரிராயன், சிதம்பரத்திலிருந்து வந்த மருமகன் தைரியராஜ், அந்த ஆண்டு புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார். இதைப் பற்றி இப்போது பேசுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

சாமியார் ஒவ்வொரு கல்லறையாக நின்று, பெயரை வாசித்து, தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். ராணியின் கல்லுக்கு வந்ததும் குனிந்தார். மெழுகுவர்த்தியை எடுத்துக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இது யாருடைய கல்லறை என்று என்னைக் கேட்டார்.

அந்த வரிசையில் பளிங்குக் கல் வைத்த குடும்பம் நாங்கள்தான். மற்றவை சிமெண்டும் சுண்ணாம்பும். கல்யாணமாகி ஓராண்டுக்குள் டைபாய்டில் அவள் போனபோது, எங்கள் வீட்டுப் பெண் பெயரில்லாமல் மண்ணில் கிடக்கக்கூடாது என்று புதுச்சேரியிலிருந்து அந்தக் கல்லை வரவழைத்தேன். அவள் பெயரை என் தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சாமியாரிடம் சொன்னேன். அவர் மந்திரித்துவிட்டு நகர்ந்தார்.

"ஊருக்கே ஒசத்தியா கல்லு வச்சீங்க மச்சான். உள்ள இருக்கிறது உங்க பொண்ணா, என் பொண்ணான்னு சாமியாருக்கே தெரியல" என்றார் சவரிராயன்.

தைரியராஜ் கல்லைத் தடவிப் பார்த்தான். எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்று மாமியாரைக் கேட்டான். அவள் பெருமையாகவே சொன்னாள். ஊறவைத்த புளி, செங்கல் தூள், தேங்காய் நார். வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன் ஏற்றும் பித்தளை விளக்கை எப்படித் தேய்ப்பாளோ அப்படியே, சனிக்கிழமை தவறாமல்.

தைரியராஜ் காலேஜ் லேபில் வேலை பார்க்கிறவன். ஆசிட்டில் பளிங்குத் துண்டு கரைவதைப் பார்த்தவன்.

"பித்தளைக்குப் புளி சரி அத்தை. பளிங்க அது தின்னுடும். வெறும் தண்ணி, பருத்தித் துணி. அதுக்கு மேல ஒண்ணும் போடக்கூடாது."

"அப்ப அவ பேர நாந்தான் தேச்சு எடுத்துட்டனா?"

நேரமாகிவிட்டது என்று எல்லாரையும் கிளப்பினேன். குடும்ப விஷயத்தை வெளியிடத்தில் பேசுவது எங்கள் வழக்கமில்லை.

சவரிமேரிக்குப் படிக்கத் தெரியாது. கல் வைத்த புதிதில் தைரியராஜ் அவள் விரலைப் பிடித்து எழுத்துகளின் மேல் ஓட்டிக் காட்டியிருந்தான். அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். கழுவி முடித்ததும் விரலால் ஒருமுறை அதைத் தடவிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். எழுத்து மழுங்க மழுங்க விரல் இன்னும் அழுத்தித் தேடியிருக்கிறது. எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனது அன்றும் அவள் கைக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

அது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. பெயர் இல்லாத கல்லை இன்னொரு திருநாள் வரை விட்டுவைக்க எனக்கு மனமில்லை. தை மாதம் தைரியராஜைக் கொண்டு சிதம்பரத்திலிருந்து கல்தச்சர் ராஜமாணிக்கத்தை வரவழைத்தேன். அவர் கல்லின் முகத்தை இழைத்துச் சமன் செய்து, எழுத்துகளை ஆழமாக வெட்டி, கறுப்புப் பூசிக் கொடுத்தார். நடைபாதையிலிருந்தே படிக்க முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை சவரிமேரி புளி எடுத்துவரவில்லை. குடத்தில் தண்ணீரும் என் பழைய வேட்டியில் கிழித்த துணியும் கொண்டுவந்தாள். கல்லின் முன் உட்கார்ந்து விரலை வைத்தாள். முதல் எழுத்திலேயே விரல் நின்றது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தடவினாள்.

"இது யாருதுங்க?"

ராணியுடையதுதான் என்றேன். அதே எழுத்துகள்தான் என்று படித்தும் காட்டினேன்.

"நீங்க படிக்கிறது சரியாத்தான் இருக்கும். என் கைக்கு இது வேற யாரோ. அடியில கொஞ்சம் இருந்தா. அதையும் வழிச்சு எடுத்துட்டாங்க."

குடத்தைச் சாய்க்காமலேயே தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இப்போது நான்தான் போகிறேன். மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றி, கடல் காற்றில் படிந்த உப்பைக் கரைய விட்டு, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்கிறேன். சோப்புகூடப் போடுவதில்லை. கல் நன்றாக இருக்கிறது. படிக்கத் தெரிந்த யாரும் படிக்கலாம். வீட்டில் அவள் ராணியின் பெயரைச் சொல்வதில்லை. சனிக்கிழமைகளில் சமைப்பதும் இல்லை.

பெற்ற தாயைக் கல்லறைக்குப் போகவிடாமல் நான் தடுத்து வைத்திருப்பதாகக் கோவில் வாசலில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நான் தடுக்கவில்லை. அவள்தான் வருவதில்லை.