வலை கட்டிய பிறகு வந்த அளவு

1

கண்ணுங்களா, இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பிக்கட்டி ஊருக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சின்னம்மை சொன்னது பாதி, மீதி நான் கட்டியது. எது எது என்று கேட்காதீர்கள்.

முதல் வரி இப்படி வந்தது: ‘பனி விலகாத அணையில் பரிசல் ஒன்று—’ அடித்துவிட்டேன். பனி பார்க்கவா அவள் அங்கே போனாள்?

2

நேராகவே சொல்கிறேன். சின்னம்மையும் அவள் புருஷனும் அணையில் மீன்பிடிக்க லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இருபது கிலோ வரை பிடிக்கலாம். சாயங்காலம் வலை கட்டினார்கள். விடிந்து எடுத்துக் கரையேறினால், மீன்துறைக் காவலர் சிவகுரு நிற்கிறார். அணையில் எவ்வளவு மீன் இருக்கிறதென்று மறுபடி கணக்கெடுத்தார்களாம், குறைந்துவிட்டதாம், இன்றிலிருந்து பத்து கிலோதானாம். மிச்சத்தைத் தண்ணீரிலேயே விட வேண்டும். இல்லாவிட்டால் லைசென்ஸ் போகும்.

“ஏனுங்க, இது செத்த மீனுங்க.”

“ரூல்ஸ் அப்படிங்க அக்கா.”

“சரிங்க, அப்ப நீங்களே அதுக்கிட்டச் சொல்லுங்க, நீந்திப் போகச் சொல்லி.”

3

(சிவகுருவுக்கு முதலில் முறுக்கு மீசை வைத்தேன். பொய். அந்த ஆள் தலையைத் தூக்கவே இல்லை.)

கணக்கும் பொய்யில்லை. மீன் குறைந்ததை அவளே ஒத்துக்கொண்டாள். குறைந்தால் குறைத்துத்தான் பிடிக்க வேண்டும். என் வயிறு எரிவது வேறொன்றுக்கு. கெண்டை கரையோரப் புல்லில் முட்டையிடும். அந்த நேரம் பார்த்து, கரண்டுக்காக அணையைத் திறந்தார்கள். தண்ணீர் இறங்கி, முட்டையெல்லாம் வெயிலில் காய்ந்தது. திறந்தவர்களுக்கு யார் அளவு போட்டார்கள்? வலைக்கு மட்டும்தானா அளவு? இதை எழுத எரிகிற என் விளக்கும் அந்தக் கரண்டில்தான்—

(இந்த வரியை அடிக்க மனசு வரவில்லை.)

4

முடிவுக்கு வருவோம். அவள் மீனைக் கொட்டுகிறாள், காக்கைக்குக் கொண்டாட்டம். அல்லது கூடையோடு சிவகுருவைத் தாண்டி நடக்கிறாள், நாளையிலிருந்து—

அல்லது சிவகுரு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அதனாலேயே இதை நம்பவில்லை. அவர் வேலை போனால் யார் கேட்பது?

கடைசியில் என்னதான் செய்தாய் என்று பஸ்ஸில் கேட்டேன்.

“நீங்களா இருந்தா என்னங்கம்மா செஞ்சிருப்பீங்க?” என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, தங்கங்களா. நீங்கள் முடியுங்கள். சீக்கிரம் முடியுங்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், கனக்கிறது.