மணக்குதோ அண்ணை?

ராகவேந்திராவுக்குப் பாலைவனம் வேண்டியிருந்தது. அதைத் தேடி அவர் டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலேறி இந்தக் குட்டி ஜெர்மன் நகரத்துக்கு வந்துவிட்டார்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் கோடை அப்படிப்பட்டது. வாரக்கணக்காக மழை இல்லை, ஆறு வற்றிக் கல் தெரிந்தது. ராகவேந்திராவின் கம்பெனி ராஜஸ்தானில் ஒரு சின்னப் பாலைவன ஊருக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டித்தரப் போகிறது. தண்ணீர் குறைந்தால் சாக்கடை எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். இங்குள்ள நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் தமிழ் பேசக்கூடியவள் யாழ்ப்பாணத்துச் சிவப்பிரியா ஒருத்திதான். படிப்பு முடித்து வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விருந்தாளியை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

“அண்ணை, இஞ்ச நல்லா மணக்கும். பழக்கமில்லாத ஆக்களுக்கு ஏலாது” என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “மணக்குமா? எங்க ஊர்ல மல்லிப்பூ மணக்கும், சாம்பார் மணக்கும். இது நாறுங்க!”

யாழ்ப்பாணத்தாருக்கு மல்லிகையும் மணக்கும், மலக்குழியும் மணக்கும். அவர்களிடம் அந்த ஓரவஞ்சனை கிடையாது. சிவப்பிரியா அதைச் சொன்னதும் மனிதருக்கு விளையாட்டுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு தொட்டியருகிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மணக்கவே இல்லீங்க!” என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கடைசியாக ஊர் எல்லையில் கழிவுநீர் வந்து சேரும் ஆழக் குழிக்கு, பம்புக் கிடங்குக்கு, போனார்கள். மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை வாடை முகத்தில் அறைந்தது. ஓட்டமில்லாத கோடையில் அழுக்கு தேங்கி அழுகும். அதில் கிளம்பும் வாயு காற்றைவிடக் கனமானது, கிடங்குக்குள்ளேயே கிடக்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். கூடிவிட்டாலோ முதலில் மூக்கைக் கொன்றுவிடும். ஒரு வாடையும் தெரியாது. அடுத்தது ஆளைத்தான். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்து என்ன, உள்ளே இறங்கிப் போட்டோ எடுக்கும் ஆசை யாரை விட்டது?

சிவப்பிரியா கிடங்கின் மேல் கயிறு சுற்றும் உருளை பூட்டிய இரும்பு முக்காலியை நிறுத்தி, அவருக்கு இடுப்புப் பட்டி கட்டி, கயிற்றைக் கொளுவினாள்.

“வாயு மீற்றரை எடுத்துக்கொண்டு வாறன். அதை இறக்கிப் பார்க்காமல் நீங்கள் இறங்காதேங்கோ.”

அருகே நின்ற வான் வண்டிக்குள் குனிந்து மீற்றரைத் தேடிக்கொண்டே, திரும்பிப் பாராமல் கேட்டாள்: “இப்பவும் மணக்குதோ அண்ணை?”

“இல்லீங்க, மணக்கல.”

சிவப்பிரியா சிரித்தாள். பழைய பகிடிதானே. மீற்றர் கையில் அகப்பட்ட பிறகுதான் அந்தக் குரல் காதில் மறுபடி ஒலித்தது. அது முழங்கி வந்த குரல். நிலத்துக்குக் கீழேயிருந்து வந்த குரல்.

அது யாருடைய தமிழ்? அவருடையது என்றால் நாறுகிறது, மூக்கு உயிரோடிருக்கிறது. என்னுடையது என்றால், ஒரு வாடையும் இல்லை. அப்படியானால் மூக்கு?

மீற்றரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவர் ஏணியில் தலை மறையும்வரை இறங்கி நின்றார், கையில் கமரா.

“மேல வாங்கோ! உடன வாங்கோ!”

“ஜஸ்ட் ஒரு போட்...” வார்த்தை குழறியது. கமரா நழுவித் தண்ணீரில் விழுந்தது. பிறகு ஏணியைப் பிடித்திருந்த கையும் நழுவியது. அவர் கயிற்றில் தலை தொங்கி ஆடினார்.

சிவப்பிரியாவின் கால் தானாக முதல் படிக்குப் போய்விட்டது. எட்டிப் பிடித்தால் கைக்கு வரும் தூரம்தான். ஆனால் அப்படி எட்டிப் பிடிக்கப் போனவர்களையும் சேர்த்துத்தான் இந்தத் தொழிலில் சாவுக் கணக்குச் சொல்வார்கள். செத்துவிடுவேன் என்று பயந்தாள். அவர் செத்துவிடுவார் என்று அதைவிடப் பயந்தாள். காலை இழுத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முகத்தைத் திருப்பியபடி முக்காலியின் கைப்பிடியைச் சுற்றினாள். அது அசைகிற மாதிரியே தெரியவில்லை. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டு சுற்றினாள். ஒருவழியாகத் தலை தெரிந்தது. சட்டையைப் பிடித்துப் புல்லுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அம்புலன்ஸ்காரர்கள் ஒக்சிஜன் கொடுத்த பிறகு அவர் கண் விழித்தார். சிவப்பிரியாவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“மணக்கல எண்டு சொன்னனீங்களே அண்ணை. அது பகிடிக்கோ?”

அவர் முகமூடியை மெல்ல விலக்கினார்.

“இல்லீங்க. திடீர்னு ஒரு வாடையும் தெரியல. உங்களுக்குப் புரியட்டும்னு உங்க தமிழ்லயே சொன்னேன்.”

அந்தப் பதிலைக் கேட்டுத்தான், வண்டிக்குள் குனிந்தபடி, அவள் சிரித்திருக்கிறாள்.