வாய் கட்டி நடந்த வழி

சுலோஜனாவின் வாய்க்குப் பழுகாமம் ஊரே பயப்படும். மாதர் சங்கத் தலைவியாக இருந்த ஒன்பது வருடத்தில் அந்த வாயால்தான் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, கிறவல் ரோட்டுக்குத் தார் வந்தது. அதே வாயால்தான் ஒரே மகள் தனுஷியா வீட்டை விட்டுப் போனாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது விரும்பிய திவாகரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வாசலில் வந்து நின்ற பிள்ளையை, உள்ளே வா என்று சொல்லாமல் கால் மணி நேரம் கிழித்து எடுத்தாள். என்னென்ன சொன்னாள் என்று அவளுக்கே முழுதாக நினைவில்லை. இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. மகள் வாழப்போன செங்கலடி ஒன்றும் சீமையில்லை, பஸ் ஏறினால் போய்விடலாம். இவளும் போகவில்லை, அவளும் வரவில்லை.

வாயால் கெட்டதற்கு வாயையே கட்டுவது என்று கடைசியில் நேர்த்தி வைத்தாள். மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, ஒரு மந்திரமும் சொல்லாமல்தான் பூசை செய்வார். அப்படிப்பட்ட முருகனிடம் கத்திக்கொண்டு போய் என்ன கேட்பது? வீட்டுப் படலையிலிருந்து கோயில் வாசல்வரை வாவிக்கரையால் தனியே நடந்து போவது. ஒரு வார்த்தை கதைப்பதில்லை, கையால் காட்டுவதில்லை, எழுதியும் காட்டுவதில்லை. மகள் திரும்பி வரவேண்டும். அவ்வளவுதான் வேண்டுதல்.

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை விடியலோடு புறப்பட்டாள். "யானை கீனை வந்தா உடன எடுத்துக் கதை" என்று கணவர் பாக்கியராசா வீட்டுப் பழைய பொத்தான் போனைக் கையில் திணித்தார். எடுத்து எதைக் கதைப்பது என்று அந்த மனிதர் யோசிக்கவில்லை. அதைச் சொல்லிக்காட்டவும் அவளுக்கு வழியில்லை, விரதம் தொடங்கியிருந்தது.

முதல் ஒரு மணி நேரம் வாய்தான் மூடியிருந்தது, உள்ளே சந்தை கூடியிருந்தது. திவாகரனின் தாயோடு ஒரு சண்டை, செத்துப்போன மாமியாரோடு ஒரு சண்டை, எல்லாவற்றிலும் இவளே வென்றாள். பிரஷர் கிளினிக்கில் ஒரு தாதி முன்பு சொல்லித் தந்திருந்தாள்: "நடக்கக்குள்ள காலில மட்டும் கவனத்த வைங்க அம்மா. நினைப்பு வந்தா வரட்டும். அதுக்குப் பின்னால போகாதீங்க." அன்று அதைக் கேட்டுச் சிரித்தவள் இன்று வேறு வழியில்லாமல் செய்து பார்த்தாள். வலது கால், இடது கால். அறுவடை முடிந்த வயல் வட்டையின் வரம்பில் பனி ஈரம் உள்ளங்காலில் ஏறியது. சம்பந்தியின் முகம் வந்தது. பார்த்தாள். பின்னால் போகவில்லை. அது தானாகக் கரைந்தது.

கண்ணா மரங்கள் அடர்ந்த சதுப்புக் காட்டுக்குள் பாதை நுழைந்தபோது உள்ளே கூடிய சந்தை கலைந்திருந்தது. சேற்றில் நண்டு ஓடும் சத்தம் கேட்டது. தில்லை மரத்தில் ஒரு நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயவைத்தபடி அசையாமல் இருந்தது. நாற்பத்தொன்பது வருடம் இந்த வாவியின் கரையில் இருந்தவள், இப்போதுதான் அதைப் பார்க்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனையும் இங்கேதான் இருந்திருக்கிறது, தன் சத்தத்தில் கேட்காமல் போயிருக்கிறது.

தோணியில் வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், "எங்ககா தனியப் போறாய்?" என்று கேட்டார். அவள் நிமிராமல் நடந்தாள். "இவளுக்கு இண்டைக்கு என்ன புடிச்சிட்டு!" என்று அவர் முணுமுணுத்ததும் தெளிவாகக் கேட்டது.

கோயிலுக்கு இன்னும் மூன்று கட்டைத் தூரம் இருக்கும்போது இடுப்பிலிருந்த போன் அடித்தது. பாக்கியராசாதான் யானைக் கதை கேட்கிறார் என்று நினைத்துக் காதில் வைத்தாள்.

"அம்மா."

கால் நின்றுவிட்டது.

"அம்மா, தனு கதைக்கிறன். கேக்குதா? உங்கட மூச்சுச் சத்தம் கேக்குது. இன்னும் கோபமா? சரி, நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். வைக்காம மட்டும் இரிங்க. நான் சொல்லிப்போட்டு வைக்கிறன்."

சுலோஜனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்டைக்கு நீங்க சொன்னீங்க, உனக்குப் பொறக்கிற புள்ளைட முகத்தில முழிக்க மாட்டன் எண்டு. போன வருசம் மாசியில எனக்கு ஏழாம் மாசம். புள்ள வயித்துக்குள்ளயே போயிட்டு அம்மா. உங்கட சொல்லுத்தான் பலிச்சிட்டு எண்டு நினைச்சன். அதாலதான் அறிவிக்கல்ல."

வார்த்தைகள் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன. கோபத்தில் சொன்னதடி. பெற்றவள் சொல் பலிக்குமா? இவ்வளவு நடந்தும் ஏன் எனக்குச் சொல்லவில்லை? ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒவ்வொன்றும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்ததாகவே இருந்தது. எதற்குப் பின்னாலும் அவள் போகவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது, அதை அவள் தடுக்கவில்லை.

"அழுறீங்களா?" மகளின் குரல் உடைந்தது. "இப்ப திரும்பவும் மூணு மாசம் அம்மா. படுத்தா நித்திரை இல்ல. பயமா இரிக்கு. உங்களிட்ட வரட்டா?"

இதற்குப் பேசாமல் இருக்க முடியாது. பேசினால் நேர்த்தி முறியும். யாருக்காக நடந்தாளோ அவள் வயிற்றில் ஒரு உயிர் இருக்கும்போது நேர்த்தியை முறிப்பதா? ஒரு வார்த்தையால் ஒன்று போனது போதாதா? மறுமுனையில் மகள் காத்துக்கொண்டிருந்தாள். அந்த மௌனம் அங்கே போய் என்னவாகக் கேட்கும் என்று சுலோஜனாவுக்குத் தெரிந்தது. முருகனுக்கு வாய் திறக்காமலே விளங்கும், இந்தப் பிள்ளைக்குத் தாயைத் தவிர வேறு யாரும் பதில் சொல்ல முடியாது.

"வா, மகள்" என்றாள். காலையிலிருந்து கதைக்காத குரல் கரகரத்தது. "இண்டைக்கே வா."

தனுஷியா விம்மி அழுதாள். அழுது முடியும்வரை சுலோஜனா குறுக்கே ஒரு சொல்லும் போடவில்லை. பிறகு, கேட்பதற்குத் தனக்கு என்ன உரிமை என்று தெரியாமலே, மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் புள்ள ஆரப் போல இருந்திச்சி?"

"உங்களப் போலதான் அம்மா" என்றாள் தனுஷியா. "அச்சு உங்கட மூக்கு."

சுலோஜனா பாதையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "சொல்லு மகள், இன்னும் சொல்லு" என்றாள்.